ஜெராக்ஸ் கடைக் கணினியில் பிடிஎஃப்: பிரவுசரிலேயே திறப்பதா, இறக்கி வைப்பதா?

கொருக்குப்பேட்டையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பச் சேவையும் சேர்ந்த கடை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது இது. கடையில் இரண்டு கணினிகள். ஒன்றில் பிடிஎஃப் இணைப்பைச் சொடுக்கினால் குரோமிலேயே திறக்கிறது. மற்றொன்றில் சொடுக்கியவுடன் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் போய் விழுகிறது. இரண்டையும் ஒரே மாதிரி வைப்பது எப்படி, எது நல்லது? சான்றிதழில் கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரிவதால் வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள், அதை நீக்க முடியுமா? பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் ஏன் புரியாத எழுத்துகளாக வருகிறது? வடசென்னைக் கடைகளின் கணினிகளைப் பல காலமாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பலர் வந்து போகும் கடையில் பிடிஎஃப் பிரவுசருக்குள்ளேயே திறக்க வேண்டும்; அதுவும் கெஸ்ட் சாளரத்தில் திறப்பது சிறந்தது. காசிமேட்டிலிருந்து வரும் மீனவரின் ஆதார், தண்டையார்பேட்டை அம்மாவின் மருத்துவ அறிக்கை, கன்டெய்னர் லாரி ஓட்டுநரின் உரிமம், ஒரு குடும்பத்தின் வில்லங்கச் சான்று ஆகிய எல்லாமே உங்கள் கணினி வழியாகத்தான் போகின்றன. இறங்கும் ஒவ்வொரு கோப்பும், நீங்களாக அழிக்கும் வரை, அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். கீழே நான் சொல்லும் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் இதுவே காரணம்.

ஒரு பிடிஎஃப் எங்கே திறக்கும் என்பதை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, கோப்பை அனுப்பும் சர்வர்: அது கோப்போடு ஒரு தலைப்புக் குறிப்பையும் சேர்த்து அனுப்புகிறது. அந்தக் குறிப்பில் 'இன்லைன்' என்றிருந்தாலோ, குறிப்பே இல்லாவிட்டாலோ, பிரவுசர் கோப்பைத் தானே காட்டும். 'அட்டாச்மெண்ட்' என்றிருந்தால் குரோம் அதைக் கட்டாயம் பதிவிறக்கிவிடும், நீங்கள் எந்த அமைப்பை மாற்றினாலும் அது மாறாது. இரண்டாவது, பிரவுசரின் அமைப்பு. மூன்றாவது, ஏற்கெனவே இறங்கிய கோப்பை ஃபோல்டரில் இரட்டைச் சொடுக்குச் செய்தால் எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் இயல்புத் தேர்வு. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் விண்டோஸில் மாற்ற வேண்டியதைக் குரோமிலும், குரோமில் மாற்ற வேண்டியதை விண்டோஸிலும் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் சோர்ந்துபோகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கணினியில் கோளாறு இந்த மூன்றில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. குரோமின் வலது மேல் மூலையில் உள்ள சுயவிவரப் படத்தைச் சொடுக்கி, 'கெஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் புதிய சாளரத்தில் உங்கள் கணக்கும் எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு துணை நிரல்கள்) நீங்கள் மாற்றிவைத்த அமைப்புகளும் இருக்காது. அதே இணைப்பை அங்கே சொடுக்குங்கள். அங்கே பிரவுசருக்குள் திறந்தால், குற்றம் உங்கள் வழக்கமான சாளரத்தின் அமைப்பிலோ ஒரு எக்ஸ்டென்ஷனிலோ இருக்கிறது. அங்கேயும் இறங்கிவிட்டால், அந்தத் தளமே கோப்பை அப்படித்தான் அனுப்புகிறது. நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அமைப்பில்தான் குற்றம் என்றால், குரோமில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்' என்று போய், அடியில் உள்ள 'அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்' பகுதியை விரித்தால் 'பிடிஎஃப் டாக்குமெண்ட்ஸ்' என்ற வரி தெரியும். அதில் இரண்டே தேர்வுகள்: பிடிஎஃப்களைப் பதிவிறக்குவது, அல்லது குரோமிலேயே திறப்பது. உங்கள் இரண்டாவது கணினியில் யாரோ முதலாவதைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். எட்ஜ் பிரவுசரிலும் தள அனுமதிகளுக்குள் இதே பெயரில் ஒரு பக்கம் உண்டு. அங்கே 'எப்போதும் பதிவிறக்கு' என்ற பொருளில் ஒரே ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்தால் போதும்.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். கணினியில் அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட் ரீடரை நிறுவும்போது குரோமுக்கான அதன் எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து வர வாய்ப்புண்டு. அதை இயக்கியிருந்தால் குரோமின் பார்வையகத்துக்கு (பிடிஎஃப்பைத் திறந்து காட்டும் பகுதி) பதிலாக அதன் பார்வையகம் திறக்கும். அதன் பக்கப் பட்டைகளையும் உள்நுழைவு அழைப்புகளையும் பார்த்துவிட்டு வைரஸோ என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். அது வைரஸ் இல்லை. ஆனால் கடைக் கணினிக்குத் தேவையும் இல்லை. எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்தில் அணைத்துவிடலாம், ரீடர் அப்படியே இருக்கட்டும். 'பிடிஎஃப் கன்வெர்ட்டர்', 'பிடிஎஃப் வியூவர்' என்ற பெயர்களில் யாரென்று தெரியாதவர்கள் வெளியிட்ட எக்ஸ்டென்ஷன்கள் இருந்தால் தயங்காமல் நீக்குங்கள். நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதியை அவற்றில் பல கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

ரீடரை நிறுவினால்தான் பிரவுசரில் பிடிஎஃப் திறக்கும் என்று இன்னமும் சொல்பவர்கள் பழைய காலத்தை நினைவில் வைத்துப் பேசுகிறார்கள். அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட இந்த வடிவம் 2008-இல் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. அதனால் யாரும் அதற்குப் பார்வையகம் எழுதலாம். குரோமில் 2010 முதலும், ஃபயர்பாக்ஸில் 2013-இல் வந்த 19-ஆம் பதிப்பு முதலும் உள்ளேயே பார்வையகம் இருக்கிறது. ரீடர் போன்ற வெளி மென்பொருளைப் பிரவுசருக்குள் இயக்கும் பழைய பிளக்-இன் முறையைக் குரோம் 2015-இல் முற்றிலும் நிறுத்தியது. ஃபயர்பாக்ஸ் 2017-இல் ஃபிளாஷ் தவிர மற்ற பிளக்-இன்களை நிறுத்தியது. எனவே 'உங்கள் ரீடர் பழையதாகிவிட்டது, இங்கே சொடுக்கிப் புதுப்பியுங்கள்' என்று ஒரு வலைப்பக்கம் சொன்னால், அது பொய் என்று எடுத்துக்கொண்டு அந்தச் சாளரத்தை மூடிவிடுங்கள்.

ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸின் 'ஜெனரல்' பகுதியில் 'அப்ளிகேஷன்ஸ்' என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கே பிடிஎஃப் என்ற வரிக்கு எதிரே 'ஓபன் இன் ஃபயர்பாக்ஸ்' என்று வையுங்கள். ஆனால் 2022-இல் வந்த 98-ஆம் பதிப்பில் பதிவிறக்கும் முறை மாறியது: 'அட்டாச்மெண்ட்' என்று வரும் கோப்பு ஃபயர்பாக்ஸ் தாவலில் திறந்தாலும், அதன் நகல் ஒன்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் சேர்ந்துவிடுகிறது. திரையில் பார்த்து மூடியவர், கோப்பு கணினியில் இல்லை என்று நம்பிப் போய்விடுவார். இதை விரும்பாதவர்கள் முகவரிப் பட்டையில் 'அபவுட் கான்ஃபிக்' பக்கத்தைத் திறந்து, 'இன்லைன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடி, 'ஓபன் பிடிஎஃப் அட்டாச்மெண்ட்ஸ் இன்லைன்' என்று முடியும் வரியை 'ட்ரூ' என்று மாற்றலாம். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொட வேண்டாம்.

சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை என்ற புகாரும் அடிக்கடி வரும். அரசுத் தளங்கள் பலவற்றில் சான்றிதழும் ரசீதும் புதிய சாளரத்தில் திறக்கும்படி எழுதப்பட்டிருக்கின்றன. பாப்-அப் தடுப்பு அதை நிறுத்திவிடுகிறது. முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சிறிய தடுப்புச் சின்னம் ஒன்று தெரியும்; அதைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிட்டால் விளம்பரச் சாளரங்கள் வந்து குவியும்.

இப்போது கெஸ்ட் சாளரத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு வருகிறேன். அதை மூடியவுடன் பார்த்த பக்கங்களின் வரலாறு, குக்கீகள், தற்காலிகச் சேமிப்பு எல்லாம் போய்விடும். ஒருவர் தன் கணக்கிலிருந்து வெளியேற மறந்து எழுந்து போனாலும் அடுத்தவர் அதற்குள் நுழைய முடியாது. ஆனால் கெஸ்ட் ஆனாலும் இன்காக்னிட்டோ ஆனாலும், பதிவிறக்கிய கோப்பு டிஸ்கில் அப்படியேதான் இருக்கும். பதிவிறக்கப் பட்டியலில் பெயர் மறைந்துவிடுவதால் கோப்பும் மறைந்துவிட்டது என்று படித்தவர்களே நம்பியிருக்கிறார்கள். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

இ-ஆதார் போன்றவை எப்படியும் கோப்பாகத்தான் இறங்கும். அதை இரட்டைச் சொடுக்குச் செய்யாமல், ஃபோல்டரிலிருந்து இழுத்துக் கெஸ்ட் சாளரத்தில் விடுங்கள். கடவுச்சொல் கேட்கும்: பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு நான்கு இலக்கத்தில். நம் ஊர்ப் பெயர்களில் சிக்கல் வருவது இனிஷியலால்தான். ஆதாரில் இனிஷியலுக்குப் பின் புள்ளி அச்சாகியிருந்தால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. அச்செடுத்துக் கொடுத்தவுடன் கோப்பைத் தேர்ந்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு டெலீட் செய்தால் ரீசைக்கிள் பின்னில் தங்காது. வாடிக்கையாளர் கண்முன்னே இதைச் செய்யுங்கள். கேட்கும் இடத்துக்குக் கடைசி நான்கு இலக்கங்கள் போதும் என்றால், எண் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக் கொடுக்கலாம். அந்த வசதி பதிவிறக்கப் பக்கத்திலேயே இருக்கிறது, கேட்பவர்தான் இல்லை.

மறந்துபோனவற்றுக்கு ஒரு காவல் வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்ற வசதி உண்டு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குறிப்பிட்ட நாட்களாகத் திறக்கப்படாத கோப்புகளைத் தானே அழிக்கும்படி அதில் வைக்கலாம். மிகக் குறைந்த அளவு 1 நாள். கடைக் கணினிக்கு அதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் சொந்தக் கோப்புகளை மட்டும் வேறு ஃபோல்டருக்கு முதலில் மாற்றிவிடுங்கள்.

கையொப்பத்தில் தெரியும் மஞ்சள் கேள்விக்குறி பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல கோப்புகளில் அந்தக் கேள்விக்குறி கையொப்பமிடும்போதே கோப்புக்குள் வரைந்து வைக்கப்பட்ட படம். 'இன்னும் சரிபார்க்கப்படவில்லை' என்பதே அதன் பொருள். அக்ரோபேட் ரீடர் கையொப்பத்தைச் சோதித்து, சரியென்றால் அந்த இடத்தில் பச்சைக் குறியைக் காட்டுகிறது. குரோமின் பார்வையகம் சோதிப்பதில்லை. கோப்பில் என்ன படம் இருக்கிறதோ அதை அப்படியே காட்டுகிறது. எனவே குரோமில் கேள்விக்குறி தெரிந்தால் சான்றிதழ் போலி என்று அர்த்தமில்லை. பச்சைக் குறி தெரிந்தாலும் அது அசல் என்று அர்த்தமில்லை, ஏனென்றால் பச்சைக் குறியை யார் வேண்டுமானாலும் வரைந்து வைக்க முடியும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் யோசிப்பதில்லை.

சரிபார்க்க வேண்டியிருந்தால், ஒரு கணினியில் மட்டும் ரீடரை வைத்துக்கொண்டு, இணைய இணைப்பு இருக்கும்போது கோப்பை அதில் திறந்து, கையொப்பத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து 'வேலிடேட் சிக்னேச்சர்' கொடுங்கள். 'அடையாளம் தெரியவில்லை' என்று வந்தால், கையொப்பத்தின் பண்புகளில் போய், கையொப்பமிட்டவரின் டிஜிட்டல் சான்றிதழை யார் வழங்கினார், அவருக்கு யார் வழங்கினார் என்று காட்டும் சங்கிலியைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இந்தியாவில் டிஜிட்டல் கையொப்பம் வழங்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தருபவர் சிசிஏ என்ற கட்டுப்பாட்டு அதிகாரி. சங்கிலியின் உச்சியில் சிசிஏ இந்தியாவின் மூலச் சான்றிதழ் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் ரீடரின் நம்பகப் பட்டியலில் சேர்க்கலாம். எதையும் பார்க்காமல், மஞ்சள் போனால் சரி என்று சேர்த்துவிட்டால், நாளை ஒரு மோசடிக் கோப்பும் உங்கள் கணினியில் பச்சையாகத் தெரியும்.

இதோடு ஒட்டிய எச்சரிக்கை ஒன்று. பிரவுசரில் திறந்த பிடிஎஃப்பைச் சேமிக்க, பிரிண்ட் கொடுத்து 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் கடைகளில் பரவலாக இருக்கிறது. கடவுச்சொல் கேட்கும் தொல்லை தீரும் என்பதற்காகவே செய்கிறார்கள். அப்படிச் செய்தால் உருவாவது புதிய கோப்பு. டிஜிட்டல் கையொப்பம் அதில் இருக்காது, அதன் சாயல் படம்தான் இருக்கும். அதை ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் நிராகரிக்க அவர்களுக்கு முழுக் காரணம் உண்டு. அசல் கோப்பு வேண்டுமென்றால் பார்வையகத்தின் மேல் பட்டையில் உள்ள பதிவிறக்கச் சின்னத்தையே அழுத்துங்கள். நிரப்பக்கூடிய படிவமாக இருந்தால், நீங்கள் தட்டியவற்றோடு சேமிக்கவா, வெற்றுப் படிவமாகவா என்று குரோம் கேட்கும். வாடிக்கையாளருக்கு எது தேவையோ அதைக் கொடுங்கள். தாளில் அச்சடித்த பிறகு டிஜிட்டல் கையொப்பத்துக்கு மதிப்பில்லை. தாளைச் சரிபார்க்க விரும்புபவர் அதிலுள்ள கியூஆர் குறியையோ சான்றிதழ் எண்ணையோ கொண்டு உரிய தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

அச்சடிக்கும்போது தாள் ஏ4 என்று இருக்கிறதா என்று பாருங்கள்; சில பிரிண்டர்கள் அமெரிக்க 'லெட்டர்' அளவில் நின்றுகொண்டு அடி வரியை விழுங்கிவிடும். ஆதார் போன்ற அட்டையின் அளவு மாறக் கூடாத இடத்தில் ஸ்கேல் 100 என்று வையுங்கள். பக்கத்துக்குப் பொருத்து என்று விட்டால், 85.6 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய அட்டை சுருங்கி உறைக்குள் ஆடும். தமிழ் எழுத்துகள் திரையில் சரியாகவும் தாளில் கட்டம் கட்டமாகவும் வந்தால், குரோமின் பிரிண்ட் பெட்டியில் கூடுதல் அமைப்புகளுக்குள் இருக்கும் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்பதைத் தேர்ந்து பாருங்கள். சற்று மெதுவாக வரும், ஆனால் எழுத்து உடையாது.

இனி தமிழை நகலெடுக்கும் பிரச்சினை. பிடிஎஃப் என்பது பக்கத்தில் எந்த வடிவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்ற கட்டளைகளின் தொகுப்பு. எழுத்து என்ன என்பதைச் சொல்லும் அட்டவணை அதோடு தனியாக இணைக்கப்பட வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய ஆவணங்களும், பழைய எழுத்துருக்களை விடாத அலுவலகங்களின் இன்றைய ஆவணங்களும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் இருக்கிறது. நகலெடுத்தால் அவைதான் வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் சரியான எழுத்துருக் குறியீட்டைத் தேர்ந்து மாற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

யூனிகோடில் தட்டச்சான கோப்பிலும் வேறு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் 'க', பிறகு 'ஒ'கரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறியீடுகள். திரையிலோ கொம்பு முதலில், 'க' நடுவில், கால் கடைசியில் என மூன்று வடிவங்களாக வரையப்படுகிறது. பிடிஎஃப்பை உருவாக்கிய மென்பொருள் அட்டவணையைச் சரியாக எழுதாவிட்டால், நகலெடுக்கும்போது வரைந்த வரிசையிலேயே எழுத்துகள் வந்து, கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கண்ட்ரோல்-எஃப் கொடுத்துத் தேடினால் கொருக்குப்பேட்டை கண்ணெதிரே இருந்தும் பிரவுசர் இல்லை என்று சொல்வது இதனால்தான். கொம்பு, கால் இல்லாத ஒரு துண்டைத் தேடுங்கள். 'ருக்கு' என்று தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வாக்காளர் பட்டியல் போல ஒவ்வொரு பக்கமும் படமாகவே இருக்கும் கோப்புகளில் எந்தத் தேடலும் பலிக்காது. பாகம் எண்ணையும் தெருவையும் கேட்டுக்கொண்டு கண்ணால்தான் தேட வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ்ப் படத்தையும் எழுத்தாக மாற்றித் தரும், ஆனால் அந்தக் கோப்பு உங்கள் கணக்கில் போய் உட்காரும். பொது ஆவணத்துக்கு அது சரி. பிறரின் தனிப்பட்ட ஆவணத்தை அவரிடம் கேட்காமல் அப்படி ஏற்றாதீர்கள்.

படிவத்துக்குப் பதிலாக 'ப்ளீஸ் வெயிட்' என்ற ஆங்கிலப் பக்கம் மட்டும் தெரிந்தால் எவ்வளவு காத்திருந்தாலும் ஒன்றும் வராது. அது எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய படிவ வகை. உங்கள் பார்வையகத்துக்கு அதைக் காட்டத் தெரியவில்லை என்பதே செய்தி. ஃபயர்பாக்ஸ் 93-ஆம் பதிப்பு முதல் அதைக் காட்டுகிறது; அதிலும் வராவிட்டால் அக்ரோபேட் ரீடரில் திறந்து பாருங்கள்.

கடைசியாக, கணினியின் வயது. உள்ளேயே இருக்கும் பார்வையகம் பிரவுசரின் ஒரு பகுதி என்பதால் பிரவுசர் புதுப்பித்தால்தான் அதுவும் புதுப்பிக்கும். 2024 மே மாதம் ஃபயர்பாக்ஸ் 126-இல் அடைக்கப்பட்ட ஓட்டை ஒன்று, எழுத்துருத் தகவலில் வஞ்சகமாக எதையாவது வைத்த பிடிஎஃப்பைத் திறந்தாலே நிரல் ஓடும்படி விட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் யார் யாரோ அனுப்பிய கோப்புகளை நாள் முழுவதும் திறக்கும் கடைக்கு இது சிறிய விஷயம் இல்லை. விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. உங்கள் இரண்டாவது கணினி விண்டோஸ் 7 என்றால், அதை ஜெராக்ஸ், ஸ்கேன் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரின் கோப்புகளையும் வங்கித் தளங்களையும் மற்றதில் திறவுங்கள்.